ஸ்பொன்சர் என்றொரு சொல்லும் இரண்டு ஞானத்தாய்மாரும்

1

சென்ற மாதம், பல்கலைக்கழகத்துக்குப் போகும் பேருந்தில் இருந்தபோது, ஊரிலிருந்து ஒரு குரற்செய்தி வந்தது. அனுப்பியவள் ஜெனிற்றா. ஊர்காவற்றுறைக் கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் பிறந்தவள். ஒன்பது வயதில் நான் கனடாவுக்கு வரும்வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது அவளுக்கு நாற்பது நாள் நிரம்பிய ஒரு பெண்குழந்தை இருக்கிறது.

"எடி அனற்றா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறம். இவர் நெடுந்தீவிலை படிப்பிக்கிறதாலை ஞாயிற்றுக்கிழமைதான் ஏலும். நீதான் தொட்டம்மா. பயப்படாதை, நீ வரத் தேவையில்லை. உனக்குப் பதிலா அம்மா பிள்ளையை ஏந்துவா. உங்கத்தைக் கோயிலிலை ஒரு கடிதம் எடுத்து அனுப்பு, காணும். ஃபாதர் கேக்கிறார்."

பின்னணியில் குழந்தை அழுதது. யாரோ ஒரு வாளியை நகர்த்தினார்கள். அதை மூன்று முறை கேட்டேன். இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகருக்கு ஒரு விளக்கம். குழந்தை ஞானஸ்நானம் பெறும்போது அதை ஏந்தி நின்று, அதற்காக மறுமொழி சொல்பவர் ஞானத்தாய். எங்கள் கரையில் அவரைத் தொட்டம்மா என்று அழைப்போம். தொட்டு ஏந்தியதால் அந்தப் பெயர் என்பது எங்கள் வீட்டு விளக்கம். அகராதி எதிலும் நான் சரிபார்க்கவில்லை. ஏனைய சொற்கள் எல்லாவற்றையும் சரிபார்க்கும் நான், இதை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் இங்குள்ள பங்கு அலுவலகத்தில் படிவம் ஒன்றைத் தந்தார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறீரா, உறுதிபூசுதல் பெற்றீரா, உமது ஞானத்தாய் யார் எனப் பன்னிரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், நான் ஏற்கப்போகும் பொறுப்பின் பெயர் இருந்தது: ஸ்பொன்சர்.

2

தீவுப்பகுதியில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அது எங்களுக்குக் கோயில் வழியாக வரவில்லை. விமானத்தபால் வழியாக வந்தது. என் சிறு வயதில் கரையில் அம்மாவைக் காணும் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். முதலாவது, இன்றைக்கு என்ன மீன். இரண்டாவது, "ஸ்பொன்சர் சரிவந்திட்டுதோ?"

நான் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அப்பா கனடாவுக்குப் போய்விட்டார். எங்களை அழைப்பதற்கான விண்ணப்பம், அதாவது அந்த ஸ்பொன்சர், அசைந்து அசைந்து வந்தது. கடைசியில் கொழும்பில் நேர்முகம். அதிகாரி ஒரு பெண், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எங்கள் கோப்பில் இருந்த ஒரு படத்தை அவர் என் முன் தள்ளினார். என் ஞானஸ்நானப் படம். வெள்ளைச் சட்டையில் நான் ஒரு பெண்ணின் கைகளில் இருக்கிறேன். அம்மா ஓரமாக, பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறார்.

"இதுதான் உன் அம்மாவா?"

"இல்லை. இது தொட்டம்மா."

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். பிள்ளையை ஏன் வேறொரு பெண் வைத்திருக்கிறாள், நீங்கள் ஏன் தள்ளி நிற்கிறீர்கள், பிள்ளை உங்களுடையதுதானா. அம்மா வியர்த்துப்போய், "அது எங்கட வழக்கம்" என்று மட்டும் மூன்று தரம் சொன்னார். படத்தில் என்னை ஏந்தியிருந்தவர் ஜெனிற்றாவின் தாய், பிலோமினா. அந்த ஒரு படத்தால் எங்கள் பயணம் ஏழு மாதம் தள்ளிப்போனது.

இத்தனை ஆண்டுகள் கழித்து, படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு, நூலகத்தின் பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். அதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. ஸ்பொன்டேரே என்றால் முறைப்படி வாக்களித்தல். பழைய உரோமரிடம் கடப்பாடு ஒன்று எழுத்தில்லாமல் வாயாலேயே பிறக்கக்கூடும். ஒருவர் "வாக்களிக்கிறாயா?" என்று கேட்பார்; மற்றவர் அதே வினைச்சொல்லால் "வாக்களிக்கிறேன்" என்பார். கேட்டதும் சொன்னதும் பொருந்தினால் போதும், இருவரும் கட்டுப்பட்டார்கள். அதற்கும் அப்பால் கிரேக்கத்தில் இதன் உறவுச்சொல் ஒன்று இருக்கிறது: தெய்வத்தின் முன் திராட்சைரசத்தை வார்த்து ஊற்றுதலை அது குறிக்கும்.

வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் ஸ்பவுஸ், மறுமொழி சொல்லுதலைக் குறிக்கும் ரெஸ்பொன்ட், மனம் சோர்ந்தவரைக் குறிக்கும் டெஸ்பொன்டென்ட் எல்லாம் இதே வேரின் பிள்ளைகள். ஆங்கிலத்துக்குள் ஸ்பொன்சர் வந்தது பதினேழாம் நூற்றாண்டளவில். அப்போது அதன் பொருள் கடவுச்சீட்டோடு சம்பந்தப்பட்டதல்ல. ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தைக்காக மறுமொழி சொல்பவர் என்பதே அது. நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனம் என்ற பொருள், வானொலி வந்தபின் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் இங்கே பிறந்த என் தங்கைக்கு ஆர்வத்தோடு சொன்னேன். அவள் உதைபந்தாட்டச் சட்டையைத் திருப்பி முதுகைக் காட்டினாள். "அக்கா, எங்கட ஸ்பொன்சர் ஒரு பல் டொக்டர்."

3

படிவத்தில் என் ஞானத்தாயின் பெயர் கேட்ட இடத்தில் பிலோமினா என்று எழுதியிருந்தேன். யோசிக்கக்கூட இல்லை.

பங்கு அலுவலகத்தில் இருந்தவர் போர்த்துக்கல் நாட்டு முதிய பெண். எங்கள் மொழியிலும் கதிரை, அலுமாரி, குசினி என்று உங்கள் சொற்கள் இருக்கின்றன என்று சொன்ன நாளிலிருந்து என்மேல் அவருக்கு ஒரு தனிப் பட்சம். அவர் அலுமாரியைத் திறந்து, எனக்கு உறுதிபூசுதல் சடங்கு நடந்தபோது அம்மா கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்தார். படிவத்தையும் அதையும் பக்கத்தில் வைத்தார்.

"மகளே, பெயர் பொருந்தவில்லையே. இங்கே றெஜினா என்று இருக்கிறது."

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். ஞானத்தாய் என்ற நிரலில் றெஜினா மாமியின் முழுப்பெயர் இருந்தது. அப்பாவின் அக்கா, இதே ரொறன்ரோவில், எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருப்பவர். நான் பிறக்கும்போதும் அவர் இங்கேதான் இருந்தார்.

"சான்றிதழில் உள்ளதைத்தான் எழுத வேண்டும்" என்றார் அவர், மெதுவாக. பிலோமினாவின் பெயருக்கு மேல் ஒரு கோடு இழுத்தேன். நேராக வரவேண்டும் என்று அளவுகோல் வைத்து இழுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான், அந்த அளவுகோலை எண்ணி வெட்கப்பட்டேன்.

அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம், மாமியின்ர பேரைத்தான் குடுத்தது" என்றார். "கனடாவிலை ஒரு ஆள் பிள்ளைக்குப் பொறுப்பெண்டு கோயில் புத்தகத்திலை இருந்தால் பிறகு ஸ்பொன்சருக்கு உதவுமெண்டு ஆரோ என்ர அப்புவுக்குச் சொல்லிப்போட்டினம். ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான் செய்தவை. பேர் வெளிநாட்டு ஆளின்ரை, பிள்ளையை ஏந்துறது பக்கத்து வீட்டு ஆள்."

"உதவிச்சுதா?"

"எங்கை உதவினது? அந்தப் படத்தாலை உபத்திரவம்தான் வந்தது."

அன்று மாலை மாமி வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, சப்பாத்தைக் கழற்றாமலே வாசற் கதிரையில் இருப்பது அவர் பழக்கம்.

"மாமி, நீங்கள் என்ர ஞானத்தாயோ?"

"ஆர் சொன்னது?"

"என்ர ஞானஸ்நானத் துண்டு சொல்லுது."

மாமி நெற்றியைச் சுருக்கி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "எங்கட குறிச்சியிலை நாலு, சுருவிலிலை ரெண்டு, நாரந்தனையிலை அந்த இரட்டைப் பிள்ளையள்... பொறு, பொறு. உன்னோடை பதினொண்டு."

"பதினொருவருக்கும் நீங்கள்தானா?"

"பின்னை என்ன செய்யிறது? அந்த நாளையிலை ஊரிலையிருந்து ரெலிபோன் வந்தால் ஒண்டில் செத்தவீடு, இல்லாட்டி ஞானஸ்நானம். மாட்டன் எண்டால் கனடா போய்த் தலை வீங்கிப்போச்சு எண்டுவினம். கேட்டால் ஓமெண்டு சொல்லிப்போட்டு வேலைக்குப் போயிடுவன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "உனக்கு நத்தாருக்கு நத்தார் சட்டை அனுப்பினனான்தானே, பிள்ளை?"

அனுப்பினார்தான். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு அளவு பெரிதாக. அதைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து எனக்கு அளவாக்கித் தைத்துத் தந்தவர் பிலோமினா. இரண்டு ஞானத்தாய்மாரும் ஒரே சட்டையில் சந்தித்திருக்கிறார்கள். நான்தான் அறியாமல் அணிந்திருக்கிறேன்.

4

இப்போது ஜெனிற்றா என்னைக் கேட்பதும் இதைத்தான் என்பது அன்றிரவு படுக்கையில் தெளிவாயிற்று. புத்தகத்தில் அனற்றா, கனடா. கைகளில் பிலோமினா. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு யாரோ ஒரு பெண் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுப்பாள்.

மறுநாள் ஜெனிற்றாவுக்கு எழுதினேன். நான் எழுதுவது எப்போதும் கடிதம் போலவே இருக்கும் என்று அவள் சிரிப்பாள். உன் குழந்தைக்கு ஞானத்தாயாக உன் அம்மாவின் பெயரையே பதியலாம், பேத்திக்குப் பாட்டி ஞானத்தாயாவதைத் திருச்சபை தடுக்கவில்லை, அதுவே உண்மைக்குப் பொருத்தம் என்று காரணங்களை வரிசைப்படுத்தினேன்.

அவள் குரலிலேயே பதில் அனுப்பினாள்.

"அம்மா ஏற்கெனவே அம்மம்மா. ஒரு ஆளுக்கு ரெண்டு உத்தியோகம் ஏலாது. உனக்கு விருப்பமில்லையெண்டால் விருப்பமில்லையெண்டு சொல்லு, அனற்றா. இப்பிடிச் சட்டம் எழுதாதை. நான் கனடாவைக் கேக்கேல்லை. உன்னைத்தான் கேட்டனான்."

அதன் பிறகு மூன்று நாள் நான் அவளுக்கு ஒன்றும் எழுதவில்லை. ஃபாதருக்குப் பெயர் கொடுக்க வேண்டிய கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தது. மறுமொழி சொல்லாத ஒருத்தியை, மறுமொழி சொல்வதற்கென்றே ஏற்பட்ட பொறுப்புக்கு யார் கேட்பார்கள்? நான் மறுத்தால் ஜெனிற்றாவை இழப்பேன். ஏற்றால், மாமியைப் போலப் பெயர் மட்டும் கொடுத்த ஞானத்தாயாவேன். இரண்டும் என்னால் ஏலாதென்று பட்டது.

நான்காம் நாள் காலை பிலோமினாவை அழைத்தேன். ஊரில் பின்னேரம். முற்றத்தில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். கைபேசியை எதிலோ சாய்த்து வைத்திருக்க வேண்டும்; அவரது நாடியும் இறால் கோதுக் குவியலும்தான் தெரிந்தன.

"ஆர் இது, கனடாக்காரியோ? பூனையைக் கலைச்சுப்போட்டு வாறன், பொறு."

வந்தார். ஜெனிற்றா கோபமோ என்று கேட்டேன்.

"கோபமோ? பிள்ளைக்குப் பால் குடுக்கேக்கையும் உன்னைத்தான் பேசுறாள். பிள்ளைக்கு உன்ர பேர் பாடம்." இறாலின் தலையை ஒடித்தார். "உனக்கு என்ன பிரச்சினை? பேர் உன்ரை, கை என்ரை. பாரமெல்லாம் எனக்குத்தானே."

"தொட்டம்மா, என்ர ஞானஸ்நானத் துண்டிலை உங்கட பேர் இல்லை. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதுதான் எனக்கு..."

"துண்டிலை என்ர பேர் இருந்திருந்தால் நீ இந்தப் பதின்மூண்டு வரியத்திலை கூடத் தரம் ரெலிபோன் எடுத்திருப்பியோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் எண்ணிப் பார்த்தேன். நத்தார், உயிர்த்த ஞாயிறு, அவருடைய கணவர் சவரிமுத்து மாமாவுக்குக் கடலில் கால் முறிந்த ஆண்டில் ஒரு தரம் கூடுதலாக. மாமி சட்டையாவது அனுப்பினார்.

"நீ துண்டைப் பற்றி யோசிக்கிறாய், பிள்ளை" என்றார் பிலோமினா. "உன்னை ஏந்தேக்கை ஃபாதர் கேட்டவர், விசுவசிக்கிறீரோ எண்டு. நான் விசுவசிக்கிறன் எண்டு சொன்னனான். நீ என்ர சீலையிலை மூத்திரம் பெய்தனீ. அது புதுச் சீலை."

அகராதியில் உரோமரைப் பற்றிப் படித்தபோது எனக்கு விளங்காதது ஒன்றிருந்தது: கேள்வியும் விடையும் மட்டும் எப்படி ஒருவரைக் கட்டும்? அந்த இறால் குவியலின் முன் அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தில் யாருடைய பெயர் இருந்தாலும், விடை சொன்னவர் கட்டுப்பட்டுத்தான் இருந்திருக்கிறார். சட்டைகளைத் தைத்தார், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எனக்குச் செபங்களைப் பாடமாக்குவித்தார், நாங்கள் கொழும்புக்கு வான் வண்டியில் ஏறிய அன்று, அழாமல், அம்மாவிடம் "பிள்ளைக்குப் பயணத்திலை பிரட்டிச் சத்தி வரும், தேசிக்காய் வைச்சிரு" என்றார்.

"நான் ஓமெண்டுறன்" என்றேன். "ஆனால் பேர் மட்டும் குடுக்க மாட்டன்."

"பின்னை? கையைப் பார்சலிலை அனுப்பப் போறியோ?"

5

ஊர்ப் பங்கின் ஃபாதர் இளையவர், ஒழுங்கானவர். ஞானத்தாய் நேரில் வராவிட்டால், தனக்குப் பதிலாக நிற்பவர் யாரென்று அவரே எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினேன். நான்கு வரி. எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. எனக்குப் பதிலாகப் பிலோமினா நிற்பார் என்று எழுதினேன். அவர் பெயரும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும் என்று கேட்டேன். பிறகு ஐந்தாவது வரியாக, இயலுமானால் என்னுடைய பழைய பதிவையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று சேர்த்தேன். என்ன எதிர்பார்த்து எழுதினேன் என்று தெரியாது. படிவத்தில் நான் இழுத்த அந்தக் கோட்டை எங்காவது அழிக்க முடியுமா என்று பார்த்தேன் போலும்.

ஜெனிற்றாவுக்குத் தனியாக ஒரு குரற்செய்தி அனுப்பினேன். வாழ்க்கையில் நான் அனுப்பிய முதற் குரற்செய்தி அது. "ஓமடி" என்பதைத் தவிர அதில் அதிகம் இல்லை. அவள் பதினேழு சிரிப்பு முகங்களை அனுப்பினாள்.

ஞானஸ்நானம் ஊரில் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு. இங்கே காலை ஆறரை. அம்மாவும் தங்கையும் நானும், அழைக்காமலே வந்த மாமியும், குசினி மேசையில் கைபேசியைச் சுற்றி இருந்தோம். மாமி தலையில் முக்காடு போட்டிருந்தார். ஃபாதர் கேட்டார். பிலோமினா "விசுவசிக்கிறேன்" என்றார். நானும் இங்கிருந்து சொன்னேன். இணையம் இழுபட்டதால் என் குரல் அவருடைய குரலுக்குப் பின்னால் தனியாகப் போய்ச் சேர்ந்தது. ஃபாதர் ஒரு கணம் நிறுத்தி, நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பக்கத்தில் மாமி, யாரும் கேளாமலே, தானும் முணுமுணுத்தார். பதினொரு பேருக்கும் சேர்த்து இருக்கலாம்.

நீர் வார்த்தபோது குழந்தை வீரிட்டது. பிலோமினா பழைய சீலைதான் உடுத்திருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஜெனிற்றா இரண்டு படங்களை அனுப்பினாள். முதலாவது, அன்றைய பதிவு. என் பெயர், அதன் கீழே, பதிலாக நின்றவர் என்று பிலோமினாவின் பெயரும் அவர் ஒப்பமும். இரண்டாவது படம் மங்கலாக இருந்தது. பூச்சி அரித்த விளிம்போடு ஒரு பழைய பக்கம். என் பெயர், அப்பா, அம்மா, ஞானத்தாய் றெஜினா. அந்த வரிக்குக் கீழே, ஓரத்துக்குள் நெருக்கி, இன்னொரு கையெழுத்து. எழுத்து எழுத்தாக, அழுத்தி, கொஞ்சம் மேல்நோக்கி ஏறிப்போகிறது: பிலோமினா.

சான்றிதழில் அதற்கு நிரல் இல்லை. அதனால் எவரும் அதைப் பிரதி செய்யவில்லை. புத்தகத்தில் மட்டும், இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது.

உடனே அழைத்தேன். "தொட்டம்மா, உங்கட கையெழுத்து இருக்குது! என்ர பக்கத்திலை!"

"ஓம், வைச்சனான்தானே. பேனை எழுதேல்லை, அந்த ஃபாதர் தன்ர பேனையைத் தந்தவர்."

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஆர் கேட்டனீங்கள்? துண்டைத்தானே கேட்டனீங்கள்."

பின்னால் குழந்தை மீண்டும் அழத் தொடங்கியது. பிலோமினா அதை வாங்கித் தோளில் போட்டு, கைபேசியை அதன் முகத்துக்கு நேரே பிடித்தார். சிவந்த, சுருங்கிய, கோபமான ஒரு சிறு முகம் என் கைக்குள் நிறைந்தது.

"இஞ்சை பாரம்மா, உன்ர தொட்டம்மா. பேர் மட்டுமில்லை, வாயும் இருக்குது" என்றவர், என்னிடம் சொன்னார்: "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? கதை. பிள்ளை உன்ர குரலைப் பழகட்டும்."

குழந்தைகளோடு என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. பெரியவர்களோடும் அதிகம் தெரியாது. ஆனாலும் பேசினேன். பேருந்தைப் பற்றி, சன்னலுக்கு வெளியே நின்ற மேப்பிள் மரத்தைப் பற்றி, பல் டொக்டரின் பெயர் போட்ட தங்கையின் சட்டையைப் பற்றிச் சொன்னேன். குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன் என்று படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்திருந்த நான், அன்று ஒன்பது மணிப் பூசைக்குப் பிந்திப் போனேன்.